மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா): "இனி இவன் எப்படி இருப்பான்?" என்று கணிக்கும்போது செய்யும் தவறுகள்

பினாங்கானாலும் கோலாலம்பூரானாலும், வார்டில் சேர்த்த முதல் வாரமே குடும்பத்தார் கேட்பது இதைத்தான்: "டாக்டர், தம்பி இனி வேலைக்குப் போவானா?" அந்த வாரத்து நிலையை வைத்து இருபது வருடத்துக்குப் பதில் சொல்வதுதான் முதல் தவறு.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநில மருத்துவமனையில் வருடக்கணக்கில் கிடந்து, 1950களில் மறுவாழ்வுத் திட்டம் வழியாக வீடு திரும்பியவர்களைப் பல பத்தாண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தார்கள். 1987இல் வந்த முடிவு: பாதிக்கு மேற்பட்டோர் கணிசமாகத் தேறியிருந்தார்கள். ஆனால் 2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, குணமானோர் சுமார் 13.5 விழுக்காடுதான். இரண்டும் பொய்யில்லை. பின்னதில் அளவுகோல் கடுமை: அறிகுறிகளும் அன்றாட வாழ்க்கையும் சேர்ந்தே தேற வேண்டும், அதில் ஒன்றாவது 2 வருடம் நிலைக்க வேண்டும். எந்த அளவுகோல் என்று கேட்காமல் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மருத்துவர்களும் இதில் சறுக்குவதுண்டு. தேறியவர்கள் கிளினிக்குக்கு அதிகம் வருவதில்லை, தேறாதவர்களே கண்ணில் படுகிறார்கள்.

யாரும் இல்லாமலே காதில் குரல் கேட்பது நின்றதும் வேலைக்குத் துரத்துவது இன்னொரு தவறு. வேலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குரல் அல்ல. ஆர்வக்குறைவும் கவனம், நினைவாற்றல் தடுமாற்றமும்தான். அதைச் சோம்பல் என்று திட்டுகிறோம். ஒரு 555 நோட்டில் (சட்டைப்பையில் அடங்கும் சின்ன நோட்டு) தினமும் நான்கே விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினான், எந்த வேளை மருந்து தப்பியது, யாரோடு பேசினான், சொல்லாமலே தானாகச் செய்தது என்ன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புரட்டினால் கடைசி வரிதான் அதிகம் பேசும். வேலைக்கு மெல்லத் திரும்ப மெந்தாரி (மலேசியாவின் சமூக மனநல) மையங்களில் உதவி கிடைக்கும்.

"மருந்தை நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு, ஒண்ணும் ஆகல" என்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள். நோய் திரும்ப மாதக்கணக்கும் ஆகலாம். குறைப்பதென்றால் மருத்துவரோடு பேசி, படிப்படியாக.

பலரும் கவனிக்காதது சிகரெட். அதன் புகை, இந்த நோய்க்குத் தரும் குளோசபின் மருந்தை உடம்பு சீக்கிரம் கழிக்கும்படி செய்கிறது. நிக்கோட்டின் அல்ல, புகைதான். புகைக்க முடியாத வார்டில் சரியாக இருந்த அளவு, வீட்டுக்கு வந்து தினமும் ஒரு பெட்டி ஊதினால் போதாமல் போகும். "இது தீராத கேஸ்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். மாறாக, புகைப்பதைத் திடீரென நிறுத்தினால் ரத்தத்தில் மருந்து ஏறி, தூக்கம் சொக்கும், எச்சில் வழியும். அதையும் நோய் முற்றியதாக நினைப்பார்கள். புகைப்பதை நிறுத்துவது நல்லதுதான். நிறுத்தும் தேதியை முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள், அளவை மாற்றித் தருவார்கள்.