நெஞ்சில் டால்க் போடலாம் என்று டாக்டர் சொன்னால் என்ன கேட்பது

டர்பன் பக்கம் நம் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு நெஞ்சில் நீர் கோத்து, எடுக்க எடுக்கத் திரும்பச் சேர்ந்து, கடைசியில் டாக்டர் "டால்க் போட்டுவிடலாம்" என்கிறார். உடனே வீட்டில் ஒருவர், "குழந்தைக்குப் பூசுற பவுடரா? புற்றுநோய்னு கேஸ் போட்டாங்களே, அதா?" என்பார். அதே கனிமத் தூள்தான், பயமும் நியாயம்தான், ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இருக்கின்றன.

நீர் எதனால் சேருகிறது என்று உறுதியாகிவிட்டதா? தென்னாப்பிரிக்காவில் காசநோயால் நீர் கோப்பது சர்வசாதாரணம், அதற்கு மாத்திரைதான் வைத்தியம். டால்க் பெரும்பாலும் புற்றுநோயால் திரும்பத் திரும்பச் சேரும் நீருக்கு. நுரையீரலைச் சுற்றியுள்ள இரண்டு உறைகளுக்கும் நடுவே அதைப் போட்டு, வேண்டுமென்றே அழற்சியை உண்டாக்கி ஒட்ட வைக்கிறார்கள், நீர் சேர இடமே இருக்காது. அதனால் நீரை வடித்த பிறகு நுரையீரல் முழுதாக விரிந்ததா என்று எக்ஸ்ரேயைக் காட்டிக் கேளுங்கள். விரியாவிட்டால் உறைகள் ஒன்றையொன்று தொடாது, பிறகு எப்படி ஒட்டும்? அப்படிப்பட்டவர்களுக்கு வீட்டிலேயே வடிக்கும் குழாய் பொருந்தலாம்.

அப்புறம் முக்கியமான கேள்வி, எந்த டால்க்? துகள் மிக நுண்ணியதாக இருந்தால் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் பரவும், நுரையீரல் வீங்கி மூச்சே முட்டிப்போய்ச் சிலர் இறந்தும் இருக்கிறார்கள். பெரிய துகளாகச் சலித்தெடுத்த பிரெஞ்சு டால்க்கை 4 கிராம் போட்டு 558 பேரைக் கவனித்த ஆய்வு 2007இல் வந்தது, ஐரோப்பிய மருத்துவமனைகளோடு தென்னாப்பிரிக்க மருத்துவமனை ஒன்றும் அதில் இருந்தது, ஒருவருக்குக்கூட அந்தக் கடுமையான மூச்சுத்திணறல் வரவில்லை. "ஸ்டெரைல்தான்" என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடாதீர்கள். கிருமி செத்தால் துகள் பெரிதாகிவிடாது.

ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்குமா? வடக்கு கேப் மாகாண ஆஸ்பெஸ்டாஸ் சுரங்க வட்டாரத்து நுரையீரல் உறைப் புற்றுநோயை 1960இல் உலகுக்குக் காட்டியதே இந்த நாடுதான், கேட்பதில் தப்பே இல்லை. மருத்துவத்துக்கான டால்க் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாததாக இருக்க வேண்டும். 2024இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு டால்க்கை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' வகையில் சேர்த்தது உண்மைதான். ஆனால் நுரையீரல் உறைக்குள் காற்று புகும் கோளாறுக்காக இளவயதில் டால்க் போட்டுக்கொண்டவர்களைப் பல பத்தாண்டுகள் கவனித்தும் உறைப் புற்றுநோய் தென்படவில்லை. ஏற்கெனவே புற்றுநோயோடு மூச்சுக்குத் தவிப்பவருக்கு இந்தக் கணக்கே வேறு என்பது என் எண்ணம்.

ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அழற்சியை அது அடக்கினால் ஒட்டுவது கெடலாம். வலி மருந்து தாராளமாகக் கேளுங்கள். போட்ட ஓரிரு நாள் காய்ச்சலும் நெஞ்சுவலியும் சகஜம். ஆனால் மூச்சு வாங்குவது கூடிக்கொண்டே போனாலோ ஆக்ஸிஜன் இறங்கினாலோ காத்திருக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் டால்க் போட்ட விவரத்தை எழுதி வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பல வருஷம் கழித்து, புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் பெட் (PET) ஸ்கேன் எடுத்தாலும் அந்த இடம் பளிச்சென்று தெரியும், விஷயம் தெரியாத டாக்டர் புற்றுநோய் திரும்பிவிட்டது என்று நினைத்துவிடக்கூடும்.