நாட்டமா, துறவா, தீட்சையா?
பினாங்கில் தைப்பூச மலருக்கோ பாராட்டுக் குறிப்புக்கோ எழுதுவோர், ஒருவர் இறைவழியில் திரும்பியதைச் சொல்ல ‘ஆன்மிகமயமாதல்’ என்னும் கனத்த சொல்லைத் தேட வேண்டியதில்லை. ‘ஆன்மிக நாட்டம் கொண்டார்’, ‘இறைநெறியில் ஈடுபட்டார்’ என்பவை பெரும்பாலும் போதும். ‘துறவு பூண்டார்’ என்பது இல்லறத்தை விட்டவருக்கு மட்டுமே உரியது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்க விரதமிருந்து, பூசம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பும் குடும்பத்தலைவருக்கு அது பொருந்தாது. ‘தீட்சை பெற்றார்’ என்பதிலும் கவனம் தேவை, ஏனெனில் சைவத்தில் அது குருவிடம் முறைப்படி பெறுவது. சமயம், விசேடம், நிருவாணம் எனப் படிநிலைகளும் அதற்கு உண்டு. அவசரத்தில் ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று எழுதிவிட்டாலோ, உயிரோடிருப்பவருக்கு இரங்கல் செய்தி வெளியிட்டதாகிவிடும். ‘ஆன்மீகம்’ பரவலாக வழங்கினாலும், ‘ஆன்மிகம்’ என்று குறிலிட்டு எழுதுவதே திருத்தமான வடிவம்.