மர வேப் பெட்டி: கைவேலையா இயந்திரமா என்று கேட்கும்போதே தொடங்கும் தவறுகள்

வேப் பெட்டி என்பது இ-சிகரெட்டின் பேட்டரியும் பொத்தானும் உட்காரும் உடல். நான் முதன்முதலில் மரத்தில் செய்த பெட்டியின் மூடியைச் சுண்டுவிரலால் தள்ளினாலே திறக்கும். உள்ளே சின்னக் காந்தம் வைத்திருந்தேன். விட்டால் 'டக்' என்று வந்து ஒட்டிக்கொள்ளும். நல்ல வெயில் காலத்தில் செய்தது. பிறகு நாலு நாள் அடைமழை. அதே மூடியை எடுக்கக் கத்தி நுனி தேவைப்பட்டது. என் கைதான் பிசகிவிட்டது என்று எண்ணி, அடுத்த பெட்டியைக் கணினி ஓட்டும் சிஎன்சி இயந்திரத்தில் வெட்டக் கொடுத்தேன். அடுத்த மழைக்கு அதுவும் இறுகிக்கொண்டது.

தன்னை யார் வெட்டினார்கள் என்பது மரத்துக்குத் தெரியாது. காற்றில் ஈரம் ஏறினால் நார் ஓடும் திசையான ரேகைக்குக் குறுக்கே உப்பும், காய்ந்தால் சுருங்கும். ரேகையின் நீளவாக்கில் மட்டும் அசைவு இல்லை என்றே சொல்லலாம். 50 மி.மீ. அகலமுள்ள ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல மரங்களில் மரத்துக்குள் இருக்கும் ஈரப்பதம் ஒரு சதவீதம் கூடினால் அகலம் சுமார் 0.25 சதவீதம் கூடும். 8 சதவீதத்திலிருந்து 12-க்கு ஏறினால் அரை மில்லிமீட்டர் ஆயிற்று. இயந்திரக்காரர் 0.05 மி.மீ. துல்லியம் என்று பெருமையாகச் சொல்வார், பொய்யில்லை. ஆனால் அந்தத் துல்லியம் வெட்டிய நாளோடு சரி, மரம் அதைப்போல் பத்து மடங்கு நகர்ந்துவிடுகிறது.

இதற்கு மருந்து இயந்திரத்தில் இல்லை, பொறுமையில் இருக்கிறது. மூடியையும் உடலையும் ஒரே பலகையிலிருந்து, ரேகை ஒரே திசையில் ஓடும்படி எடுக்க வேண்டும். கொஞ்சம் பெரிதாக வெட்டிச் சில வாரம் சும்மா போட்டுவிட்டு, அது முறுக்கிக்கொள்வதெல்லாம் முடிந்தபின் இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். வெற்றிடத்தில் பிசின் ஏற்றி இறுக்கிய மரம் நன்றாகவே அடங்கியிருக்கும். ஆனால் ஈரம் முழுதாகப் போகாத கட்டைக்குப் பிசின் ஏற்றுவது வீண் வேலை. தண்ணீர் இருக்கும் இடத்தில் பிசின் புகாது.

மூடி இறுகினால் எரிச்சலோடு போய்விடும். பொத்தான் இறுகினால் கதை வேறு. மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சிப் இல்லாத மெக்கானிக்கல் மாடலில் பொத்தான்தான் ஒரே சுவிட்ச். மரத்தில் நேரடியாகத் துளைபோட்டுப் பொத்தானை உட்காரவைத்தால், மரம் அசைந்து துளை இறுகும் நாளில் அழுத்திய பொத்தான் அழுந்தியபடியே நிற்கும். பாக்கெட்டுக்குள், திரவத்தை ஆவியாக்கும் கம்பிச்சுருளான காயில் எரிந்துகொண்டிருக்கும். 4.2 வோல்ட் பேட்டரிக்கு 0.15 ஓம் காயில் போட்டால் 28 ஆம்பியர் ஓடுகிறது. அதைத் தொடர்ந்து தாங்க முடியாத 18650 பேட்டரிகள் ஏராளம். அதனால் பொத்தானுக்கு உலோகக் குழாய் ஒன்றை உறையாகப் போடாமல் நான் மூடியை ஒட்டுவதில்லை. மரம் எப்படி வேண்டுமானாலும் நகரட்டும், பொத்தான் உலோகத்துக்குள்தான் ஓடுகிறது.

பேட்டரித் துளையிலும் இதே பாடம்தான், அதோடு ஒரு பெயர் மயக்கமும் சேர்ந்துகொள்கிறது. 18650 என்றால் 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். அதை நம்பி 18-க்குத் துளைபோடுகிறவர்கள் உண்டு. மேலுறையோடு சேர்த்துப் பேட்டரி அதைவிடச் சற்றுப் பருமன்தான். திணித்துத் திணித்து எடுத்தால் உறை கிழியும். உறைக்கு அடியில் இருக்கும் உலோகக் கூடு முழுவதும் எதிர்முனை. நேர்முனையைச் சுற்றி உறை கிழிந்தால் ஷார்ட் ஆக ஒரு மில்லிமீட்டர் போதும். நான் 19.5 மி.மீ. விடுகிறேன். இந்த ஒரு துளையைக் கையால் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். அறுபது எழுபது மில்லிமீட்டர் ஆழம் போகும்போது டிரில் பிட் மெதுவாக ரேகையின் பக்கம் சாயும். மேலே நேராகத் தெரியும், அடியில் பக்கச்சுவர் வெற்றிலை போல மெலிந்திருக்கும். இங்கே இயந்திரத்துக்கே என் ஓட்டு. ரேகை பேட்டரியின் நீளத்தோடு ஓடட்டும். குறுக்கே ஓடினால் ஒருமுறை கீழே விழுந்ததுமே சுவர் பிளந்துவிடும்.

திரவம் நிரப்பும் டேங்கைத் திருகும் இணைப்புக்கு 510 என்று பெயர். அதன் மரை எம்7, அதாவது 7 மி.மீ. விட்டம், புரிக்குப் புரி 0.5 மி.மீ. அவ்வளவு நுணுக்கமான மரை மரத்தில் நிற்காது. பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ செய்த இணைப்பை வாங்கிப் பதியுங்கள்.

வெப்பத்தைப் பலர் மறந்தே போகிறார்கள். அலுமினியப் பெட்டியில் ஓடிய சிப்பை மரப்பெட்டிக்கு மாற்றினால், அது சீக்கிரமே சூடேறித் தானே நின்றுவிடும். அலுமினியம் மரத்தைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு வெப்பம் கடத்தும். பிடிப்பதற்கு இதமாக இருக்கிறதே என்று நாம் மரத்தை மெச்சும் குணமே சிப்புக்கு எமன். அதன் முதுகில் ஓர் உலோகத் தகடு ஒட்டி, தகட்டின் ஓரம் வெளியே தெரியும்படி விட வேண்டும். பேட்டரி கோளாறானால் கக்கும் வாயு வெளியேற அடியில் துளைகளும் வேண்டும். அழகு கெடுகிறது என்று அதை அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடாவில் வேப் கருவி வெடித்து ஒருவர் இறந்தார். பேட்டரி கோளாறாகும்போது வாயு போக வழியில்லாவிட்டால் பெட்டி வெடிகுண்டுதான், அது கையால் இழைத்ததா இயந்திரத்தில் வெட்டியதா என்பதில் ஒன்றுமில்லை.

அப்படியானால் கைக்கு வேலையே இல்லையா? முண்டு மரத்தில், அதாவது மரத்தில் ரேகை சுழன்று புடைத்து வளரும் கட்டியில், இருக்கிறது. மேப்பிள் முண்டில் ரேகை எந்தத் திசையில் சுழல்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. ஒரே வேகத்தில் ஓடி, எதிர்ரேகை வந்த இடத்தில் துணுக்கைப் பிய்த்துவிடும். உள்ளே பொந்து இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. உளி பிடித்த கைக்கு அது ஓசையிலேயே பிடிபடும், தட்டினால் 'டொக்' என்று கேட்கும். அதனால் வெளிப்புறத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விட்டுவிடச் சொல்கிறேன். அதை நான் அரத்தாலும் உப்புத்தாளாலும் எடுக்கிறேன். கட்டைவிரல் உட்காரும் பள்ளத்தைக் கணினியில் வரைய நானும் முயன்றேன். வந்தது சோப்புப்பெட்டிப் பள்ளம்.

'முழுக்கக் கைவேலை' என்று விற்பதிலும் சில இப்படிக் கலந்து செய்தவைதான். அதில் தப்பொன்றும் இல்லை, மறைப்பதுதான் தப்பு.

தூசியை இரண்டு முறையிலும் அலட்சியம் செய்கிறார்கள். மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. ஈட்டி, கருங்காலித் தூசி சிலருக்குத் தோலில் தடிப்பையும் கிளப்பும். முகமூடி போடுங்கள். இன்னொன்று: இந்தியாவில் 2019 முதல் இ-சிகரெட் தயாரிப்பதும் விற்பதும் குற்றம், உளியை எடுக்குமுன் நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் மெருகு. ஆவி போகும் பாதையில் மரமோ பிசினோ பூச்சோ எதுவும் படக்கூடாது. அங்கே உலோகம் அல்லது கண்ணாடிதான். வெளிப்பக்கத்துக்குத் தேன்மெழுகு மட்டும் தேய்த்தால் அது 65 டிகிரிக்குள்ளேயே உருகும், டேங்க் சூடாகும் இடத்தில் கையில் பிசுபிசுக்கும். ஆளி விதை எண்ணெய் தடவிய துணியைச் சுருட்டிக் குப்பையில் எறிந்தால் அது தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவிட வேண்டும். எண்ணெய் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே காய வாரக்கணக்கில் ஆகும். நான் பெட்டியைக் கண்ணாடி ஜாடிக்குள் போட்டு மூடி, மறுநாள் காலை மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். எண்ணெய் வாடை வந்தால் மறுபடியும் அலமாரிக்கு.