யூரின் டியூப் போட்டவருக்குத் திரும்பத் திரும்பக் காய்ச்சலா? முதலில் டியூபைப் பாருங்கள்

வியாசர்பாடிப் பக்கம் லாரித் தண்ணி பிடித்து வைக்கிற டிரம்மின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்திருப்பீர்கள், வழவழவென்று இருக்கும். தண்ணியை மட்டும் மாற்றினால் போகாது, நார் போட்டுத் தேய்க்கணும். யூரின் டியூபுக்குள்ளேயும் இதுதான் நடக்கிறது. கிருமிகள் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் ஒரு பசையைச் சுரந்து அதற்குள் குடியிருக்கும். பயோஃபிலிம் என்பார்கள். அந்தப் பசைக்குள் மந்தமாகக் கிடக்கிற கிருமிகளை ஆன்டிபயாட்டிக்கால் எளிதில் கொல்ல முடியாது. டியூபைத் தேய்க்கவும் வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

எங்கள் அப்பாவுக்கு இரண்டு கோர்ஸ் மாத்திரை முடித்தோம், நிறுத்திய நாலாம் நாளே மறுபடி குளிர் நடுக்கம். மூன்றாவது தடவைதான் ஒரு நர்ஸ் அக்கா, டியூப் போட்டு எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டார். ஏழு வாரம். கழற்றிய டியூபின் முனையில் மணல் மாதிரி நரநரவென்று உப்புப் படிந்து, ஓட்டை பாதி அடைத்திருந்தது.

அதனால் டியூப் போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். காய்ச்சல், நடுக்கம், விலாவில் வலி, திடீர்க் குழப்பமான பேச்சு, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். இரண்டு வாரம் தாண்டியிருந்தால், பழைய டியூபை எடுத்துவிட்டுப் புதுசிலிருந்து கல்ச்சருக்கு (என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கிற டெஸ்ட்) யூரின் எடுக்க முடியுமா என்று கேளுங்கள், அதற்கப்புறம் மருந்து. பையிலிருந்து பிடித்த யூரின் டெஸ்டுக்கு உதவாது. நீங்களாக டியூபை இழுக்காதீர்கள், உள்ளே தண்ணி நிரப்பிய பலூன் இருக்கிறது.

யூரின் கலங்கலாக இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது, ஆனால் ஆள் நன்றாக இருக்கிறார் என்றால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் டியூப் இருந்தாலே கிட்டத்தட்ட எல்லாருக்கும் யூரினில் கிருமி இருக்கும், தேவையில்லாமல் மருந்து கொடுத்தால் அது மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறும்.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கணும், தரையில் படக் கூடாது. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப் போகும்போது பையை மடியில் வைத்துக்கொள்வார்கள், அப்படி வைத்தால் யூரின் திரும்ப உள்ளே போகும். காலி செய்யும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், டியூபும் பையும் சேரும் இடத்தைக் கழற்றாதீர்கள். அப்புறம், ஒவ்வொரு தடவை டாக்டரைப் பார்க்கும்போதும், டியூப் இன்னும் தேவையா, எடுத்துவிடலாமா என்று கேளுங்கள்.