மெக்சிகோ கோழிக் காய்கறி சூப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோவில் ‘கால்தோ தே போயோ’ என்று அழைக்கப்படும் கோழிக் காய்கறி சூப், சாப்பாட்டுக்கு முன் சிறு கிண்ணத்தில் அருந்தும் பானம் அன்று. எலும்போடு கூடிய கோழித் துண்டுகளும், கையில் எடுத்துக் கடிக்கும் அளவுக்குப் பெரிய மக்காச்சோளக் கதிர்த் துண்டுகளும், உருளைக்கிழங்கும், கேரட்டும், சௌ சௌவும் தெளிந்த சாற்றில் கிடக்க, அதுவே ஒரு வேளை உணவாகிவிடுகிறது. இதை மறந்து, கார்ன்ஃபிளார் மாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குவதுதான் நம் வீடுகளில் நேரும் முதல் தவறு. இந்தச் சாற்றுக்கு மாவு எதுவும் தேவையில்லை. அதன் கனம் எலும்பிலிருந்து வர வேண்டும்.

ஆகவே எலும்பு நீக்கிய நெஞ்சுக்கறியை மட்டும் வாங்குவதும் தவறே. கால், தொடை, கழுத்து ஆகிய பகுதிகளில் உள்ள கொலாஜன் மெல்ல வேகும்போது ஜெலட்டினாக மாறிச் சாற்றில் கலப்பதால்தான் உதட்டில் லேசாக ஒட்டும் அந்த நிறைவு கிடைக்கிறது. ஒரு கிலோ கறிக்கு இரண்டரை லிட்டர் குளிர்ந்த நீர், பாதி வெங்காயம், நான்கு பல் பூண்டு, ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தண்டு, அளவான உப்பு ஆகியவை அடிப்படைக்குப் போதும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு அடுப்பில் நிகழ்கிறது. அவசரத்தில் தீயைக் கூட்டித் தளதளவென்று கொதிக்க விட்டால், மேலே மிதக்க வேண்டிய கொழுப்பு நுண்துளிகளாக உடைந்து நீரோடு கலந்து சாற்றைக் கலங்கலாக்கிவிடும். கறியும் நார் நாராக இறுகும். முதல் கொதி வரும் தறுவாயில் தீயைக் குறைத்து, திரளும் நுரையைப் பொறுமையாகக் கரண்டியால் அகற்றி, பிறகு ஓரிரு குமிழிகள் மட்டும் எழும் நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். பிராய்லர் கோழி முப்பத்தைந்து முதல் நாற்பது நிமிடங்களில் வெந்துவிடும். முற்றிய நாட்டுக்கோழிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். குக்கரில் விசில் விட்டு நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்றாலும், அதில் காய்களையும் சேர்த்துப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏனெனில் காய்கள் ஒரே நேரத்தில் வேகக்கூடியவை அல்ல. கோழி பாதி வெந்த பிறகு கேரட்டையும் மக்காச்சோளத்தையும், பத்து நிமிடம் கழித்து உருளைக்கிழங்கையும் சௌ சௌவையும், கடைசி எட்டுப் பத்து நிமிடங்களுக்கு மட்டும் வெள்ளரிபோல் தோன்றும் சுக்கினியையும் முட்டைக்கோஸையும் சேர்ப்பதே முறை. பொடியாக நறுக்கினால் அவை குழைந்து கூழாகிவிடும் என்பதால், கேரட்டை இரண்டு அங்குல நீளத்திலும் முட்டைக்கோஸைத் தடித்த கீற்றுகளாகவும் வெட்ட வேண்டும். நம் ஊரில் பெங்களூர் கத்திரிக்காய் என்றும் வழங்கும் சௌ சௌ, மெக்சிகோவை உள்ளடக்கிய நிலப்பகுதியில் தோன்றிய காய். ‘சயோத்தே’ என்ற அதன் பெயர் மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலிலிருந்து வந்தது. சுலபமாகக் கிடைக்கும் இந்தக் காயை விட்டுவிட்டு, உறையவைத்த காய்கறிக் கலவையைக் கொட்டுவது வருத்தத்துக்குரியது. இனிப்பு மிகுந்த ஸ்வீட் கார்னை நெடுநேரம் வேகவிட்டால் சாறும் இனித்துவிடும். மெக்சிகோவில் இடப்படும் வெள்ளை மக்காச்சோளத்தில் இனிப்பு குறைவு. எனவே, ஸ்வீட் கார்ன்தான் கிடைக்கிறது என்றால் அதைக் கேரட்டோடு போடாமல் இறுதியில் சேர்க்கலாம்.

மெக்சிகோ உணவு என்றாலே காரம் என்று எண்ணி, டாகோ மசாலாப் பொடியையோ கரம் மசாலாவையோ தூவுபவர்கள் உண்டு. இச்சாறு மென்மையானது. புகைமணமும் காரமும் வேண்டுவோர், மெக்சிகோ நகரின் தென்பகுதியான த்லால்பானின் பெயரைத் தாங்கிய ‘கால்தோ த்லால்பேன்யோ’வைச் செய்யலாம், அதில் கொண்டைக்கடலையும், புகையில் உலர்த்திய ஹலபேன்யோ மிளகாயான சிபோட்லேயும் சேரும்.

எலுமிச்சையைப் பானையில் பிழிந்து கொதிக்க வைப்பதும் தவறு. மணம் போய்க் கசப்பு தங்கும். மெக்சிகோவில் பிழியப்படும் சிறிய எலுமிச்சை நம் சந்தையில் கிடைக்கும் வகையைச் சேர்ந்ததே என்பதால் மாற்றுத் தேட வேண்டியதில்லை. பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி இலை, பச்சை மிளகாய், அவகாடோ, எலுமிச்சைத் துண்டு ஆகியவற்றைத் தனித்தனியாக மேசையில் வைத்து, கூடவே சோறோ டார்ட்டியா எனப்படும் சூடான மெல்லிய மக்காச்சோள ரொட்டியோ பரிமாறினால், புளிப்பையும் காரத்தையும் அவரவர் கிண்ணத்தில் அவரவரே சேர்த்துக்கொள்வார்கள்.