நைரோபி தேசியப் பூங்கா: ஒரு முழுக் காலைக்கான வழிகாட்டி

கென்யாவின் தலைநகரான நைரோபியின் மையப்பகுதியிலிருந்து தெற்கே ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில், 117 சதுர கிலோமீட்டர் பரப்பில், சிங்கமும் காண்டாமிருகமும் தம் போக்கில் வாழும் புல்வெளி ஒன்று இருக்கிறது. 1946ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட நைரோபி தேசியப் பூங்கா, கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. இதைப் பெரிய மிருகக்காட்சி சாலை என்று எண்ணி வருபவர்களுக்கும், புகழ்பெற்ற வனவிலங்குக் காப்பகமான மசாய் மாராவின் சிறிய பதிப்பு என்று எண்ணி வருபவர்களுக்கும் ஏமாற்றமே மிஞ்சும். இங்கே விலங்குகளை நாம்தான் தேடிப் போக வேண்டும். காட்டு யானைகள் இங்கே கிடையாது, ஏனெனில் அவற்றுக்கு இந்த நிலப்பரப்பு போதாது. ஆனால், கறுப்புக் காண்டாமிருகத்தைத் திறந்த வெளியில் காண்பதற்கு இவ்வளவு வசதியான இடம் கென்யாவிலேயே அதிகம் இல்லை. சிங்கம், சிறுத்தை, காட்டெருமை, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, நீர்யானை ஆகியவற்றோடு நானூறுக்கும் மேற்பட்ட பறவை இனங்களும் இங்கே பதிவாகியுள்ளன.

பெரும்பாலான சுற்றுலா நிறுவனங்கள் இந்தப் பூங்காவை மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு அழைத்துச் செல்கின்றன. என் கருத்தில் அது பணத்தை வீணாக்கும் வழி. ஒரு முழுக் காலையை ஒதுக்கி, நுழைவாயிலை ஒட்டிய சாலைகளிலேயே சுற்றிக்கொண்டிருக்காமல், தெற்கே ஆறு வரை போய்த் திரும்புபவர்களுக்கே இந்த இடம் பிடிபடும்.

நிலத்தின் அமைப்பு

பூங்காவின் வடக்கு, கிழக்கு, மேற்கு எல்லைகளில் மின்வேலி இருக்கிறது. தெற்கு எல்லையாக ம்பகாதி ஆறு ஓடுகிறது. அந்தப் பக்கம் வேலி இல்லை. ஆற்றைக் கடந்தால் கிட்டெங்கேலா சமவெளி, அதற்கப்பால் மசாய் மக்களின் மேய்ச்சல் நிலங்கள். மழைக்காலத்தில் வரிக்குதிரைகளும், மாடு போன்ற உருவமுடைய மான் இனமான வில்டபீஸ்ட்களும் அந்தத் திறந்த வழியாகத் தெற்கே பரவிச் செல்கின்றன. வறட்சி தொடங்கியதும், வற்றாத அணைக்குட்டைகளை நாடிப் பூங்காவுக்குள் திரும்புகின்றன. பூங்காவை உயிரோடு வைத்திருப்பது இந்த ஒரு திறப்புதான். வீடுகளும் வேலிகளும் பெருகப் பெருக இந்த வழி குறுகிக்கொண்டே வருகிறது. முற்காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்துபோன வில்டபீஸ்ட்களின் எண்ணிக்கை இன்று பெருமளவு சரிந்துவிட்டது. நிலத்துக்கு வேலியிடாமல் திறந்தே வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கு ஏக்கர் கணக்கில் குத்தகைத் தொகை வழங்கும் திட்டம் ஒன்று 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. வேலியற்ற எல்லை என்பதால் சிங்கங்கள் ஆற்றைத் தாண்டிச் சென்று மாடுகளைக் கொல்வதும் உண்டு. கிட்டெங்கேலாவைச் சேர்ந்த ரிச்சர்ட் துரேரே என்ற சிறுவன் மாட்டுப்பட்டியைச் சுற்றி மாறி மாறி மின்னும் விளக்குகளைப் பொருத்திச் சிங்கங்களை விலக்கிவைத்தது உலகெங்கும் பேசப்பட்டது.

பூங்காவின் மேற்கில் உயரமான மேட்டுநிலக் காடு. நடுவிலும் கிழக்கிலும் பரந்த புல்வெளி. ஆங்காங்கே செங்குத்தான பாறைப் பள்ளங்கள். தெற்கே ஆற்றோரமாக மஞ்சள் பட்டை கொண்ட வேல மரங்கள். எந்த விலங்கை எங்கே தேடுவது என்பது பெரும்பாலும் இந்தப் பிரிவைப் பொறுத்தது.

எப்போது போவது

ஜூன் முதல் செப்டம்பர் வரையும், ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலும் மழை குறைவு; புல் தாழ்ந்திருக்கும், விலங்குகள் நீர்நிலைகளைச் சுற்றித் திரளும். மார்ச் முதல் மே வரை நீண்ட மழையும், நவம்பரை ஒட்டிக் குறுகிய மழையும் பெய்யும். மழைக்காலத்தில் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டால், பத்தடி தொலைவில் படுத்திருக்கும் சிங்கம்கூடக் கண்ணில் படாது. தவிர, பூங்காவின் சமவெளி முழுவதும் கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கம் மழை நாளில் வண்டி ஓட்டியவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். முக்கியச் சாலைகளில் செம்மண் சரளை பரப்பியிருந்தாலும், கிளைச் சாலைகளில் நான்கு சக்கர உந்துவிசை இல்லாத வண்டி சிக்கிக்கொள்ளும். ஆனால் பறவை பார்ப்பவர்கள் மழைக்காலத்தையே விரும்புகிறார்கள்.

நாளில் எந்த நேரம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை: வாயில் திறக்கும் காலை 6 மணி. நைரோபி நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் ஆண்டு முழுவதும் சூரியன் ஆறரை மணியை ஒட்டியே உதிக்கிறது. ஆக, விடியும்போதே உள்ளே இருக்கலாம். பனி படர்ந்த புல்லைத் தவிர்த்துச் சிங்கங்கள் சாலையிலேயே நடந்து வருவதைக் காணும் வாய்ப்பு அந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில்தான் அதிகம். பத்து மணிக்குமேல் அவை நிழல் தேடி ஒதுங்கிவிடும். வார இறுதி நாட்களில் நகரவாசிகளின் கார்கள் நிறைய வரும் என்பதால் வார நாட்களே மேல்.

புறப்படும் முன்

2024 ஜனவரி முதல் கென்யா விசா முறையை நீக்கி, மின்னணுப் பயண அனுமதி முறையைக் கொண்டுவந்துள்ளது. இதைப் பயணத்துக்கு முன்பே இணையத்தில் விண்ணப்பித்துப் பெற வேண்டும். விமான மாற்றத்துக்காக எட்டு, பத்து மணி நேரம் நைரோபியில் தங்க நேரிடுபவர்களும் இந்த அனுமதி கையில் இருந்தால் விமான நிலையத்திலிருந்து நேரே பூங்காவுக்குப் போய்த் திரும்பலாம். மொம்பாசா சாலைப் பக்கமுள்ள கிழக்கு வாயில் அவர்களுக்கு வசதியானது.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறந்துவிடக் கூடாது. கென்யாவிலிருந்து திரும்பும்போது தடுப்பூசிச் சான்று இல்லாதவர்களை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க இந்திய விதிகள் இடம் தருகின்றன. ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பின்பே சான்று செல்லுபடியாகும் என்பதால் கடைசி நேரத்துக்கு ஒத்திப்போடலாகாது. சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் இந்த ஊசி போடப்படுகிறது.

பூங்காவை நிர்வகிக்கும் கென்ய வனவிலங்குச் சேவை நுழைவுக் கட்டணத்தை ரொக்கமாக வாங்குவதில்லை. ஈசிட்டிசன் என்ற அரசு இணையதளம் வழியாக, அட்டை மூலமோ, எம்பெசா என்ற கைப்பேசிப் பணப் பரிமாற்றம் மூலமோ செலுத்த வேண்டும். குடிமக்கள், கென்யாவில் வசிக்கும் வெளிநாட்டவர், பயணிகள் ஆகியோருக்குத் தனித்தனிக் கட்டணம். வண்டிக்கும் தனிக் கட்டணம் உண்டு. தொகைகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், பழைய பயணக் குறிப்புகளை நம்பாமல் அந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முந்தைய இரவே செலுத்திவிட்டால், காலையில் வாயிலில் கைப்பேசியோடு போராட வேண்டியதில்லை.

2020 ஜூன் 5 முதல் கென்யாவின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளது. கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலை வாயிலிலேயே விட்டுவிட நேரும். எவர்சில்வர் குடுவை கொண்டுபோவது நல்லது. பிளாஸ்டிக் கைப்பை நாடு முழுவதுமே தடை. ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்து மெல்லிய சட்டையோடு வருபவர்கள், கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கும் இந்த ஊரின் ஜூலை மாதக் காலையில், திறந்த கூரை வண்டியில் நடுங்கிப்போவார்கள். கம்பளி மேல்சட்டையும், பதினொரு மணிக்குப் பிறகு தேவைப்படும் தொப்பியும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கி ஆளுக்கு ஒன்று இருந்தால் வண்டிக்குள் சச்சரவு இராது.

சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ உள்ளே போக அனுமதி உண்டு. ஆயினும் முதன்முறை போகிறவர்களுக்கு, கூரை உயர்த்தக்கூடிய வண்டியும் அனுபவமுள்ள ஓட்டுநரும் அமைவதே சிறப்பு. தாழ்வான காரின் இருக்கையிலிருந்து பார்த்தால் புல் மட்டுமே தெரியும். ஓட்டுநர்கள் ஒருவரோடொருவர் செய்தி பரிமாறிக்கொள்வார்கள். சிம்பா என்றால் சிங்கம், சுய் என்றால் சிறுத்தை, கிஃபாரு என்றால் காண்டாமிருகம் என்று தெரிந்துவைத்திருந்தால், எதை நோக்கி வண்டி விரைகிறது என்பது உங்களுக்கும் புரியும். சிங்கம் மட்டுமே வேண்டும் என்று ஓட்டுநரை நெருக்காதீர்கள். மெதுவாகப் போகவும், தெற்கே நீர்யானைக் குளம் வரை போகவும் விருப்பம் என்று புறப்படும்போதே சொல்லிவிடுங்கள்.

உள்ளே செல்லும் வழி

லாங்காட்டா சாலையிலுள்ள முதன்மை வாயில் வழியாக நுழைந்தால், சிறிது தொலைவிலேயே தந்தம் எரிக்கப்பட்ட இடம் வருகிறது. 1989 ஜூலையில் அன்றைய அதிபர் டேனியல் அராப் மோய் 12 டன் தந்தத்துக்குத் தீவைத்தது இங்கேதான். தந்த வணிகத்தை உலகம் தடை செய்ய வேண்டும் என்ற கோரிக்கைக்கு அந்தத் தீ பெரும் வலுச் சேர்த்தது; அதே ஆண்டில் பன்னாட்டுத் தடையும் வந்தது. 2016 ஏப்ரலில் அப்போதைய அதிபர் உஹுரு கென்யாட்டா 105 டன் தந்தத்தை எரித்தார். சாம்பல் மேடுகள் இன்றும் இருக்கின்றன. வண்டியிலிருந்து இறங்க அனுமதியுள்ள இடம் இது. ஆனாலும் விடியற்காலையில் இங்கே நேரம் செலவிடாமல், திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் புல்வெளிக்குப் போங்கள். சாலைச் சந்திப்புகளில் எண் பொறித்த கற்கள் நடப்பட்டிருப்பதால், வரைபடம் ஒன்று கையில் இருந்தால் வழி தவறாது. நாகொலோமோன் அணை, ஹயீனா அணை, கிழக்கே ஆத்தி பேசின் அணை ஆகிய மூன்று நீர்நிலைகளையும் தொட்டுச் செல்லும் பாதை காண்டாமிருகத்துக்கும் காட்டெருமைக்கும் ஏற்றது. காண்டாமிருகத்தில் கறுப்பு, வெள்ளை என்ற இரண்டு இனங்களுமே சாம்பல் நிறம்தான். வாயைப் பார்த்தே வேறுபாடு அறிய வேண்டும். கூர்ந்து வளைந்த மேலுதட்டால் புதரின் இலைகளைப் பறித்துத் தின்பது கறுப்பு. அது பெரும்பாலும் தனித்தே திரியும். அகன்ற வாயால் புல் மேய்வது வெள்ளை. அது கூட்டமாக, கவலையில்லாமல் சாலையோரத்திலேயே நிற்கும். இந்த வெள்ளைக் காண்டாமிருகங்கள் தென்னாப்பிரிக்க வழிவந்தவை.

சிங்கத்தைத் தேடும்போது சிங்கத்தையே தேட வேண்டாம், மான்களைக் கவனியுங்கள். கொங்கோனி மான்களும் ஒட்டகச்சிவிங்கிகளும் மேய்வதை நிறுத்திவிட்டு ஒரே திசையில் வெறித்துக்கொண்டிருந்தால், வண்டியை அணைத்துவிட்டு அந்தத் திசையில் தொலைநோக்கியைத் திருப்புங்கள். பத்து நிமிடப் பொறுமை, பத்து கிலோமீட்டர் ஓட்டத்தைவிடப் பயன் தரும். சிறுத்தை மேற்குக் காட்டிலும் பாறைப் பள்ளங்களிலும் வாழ்கிறது. அது கண்ணில் பட்டால் அன்றைய அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

தெற்கே ஆற்றை அடைந்ததும், நீர்யானைக் குளத்தருகே வண்டியை நிறுத்தி, ஆயுதம் தாங்கிய வனக்காவலர் துணையோடு நடைபாதையில் போகலாம். காவலர் இல்லாமல் தனியே நடக்கக் கூடாது. நீர்யானைகளோடு முதலைகளும் அங்கே உண்டு. நகரத்தின் இரைச்சல் இங்கே எட்டுவதில்லை. கிங்ஃபிஷர், மொகொயேட்டி ஆகிய சிற்றுண்டி இடங்களில் உணவருந்தலாம். உணவைத் திறப்பதற்குமுன் குரங்குகளும் பபூன்களும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். கையிலிருப்பதையே பறித்துச் செல்லும் துணிச்சல் அவற்றுக்கு உண்டு.

வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்குள், விலங்கிலிருந்து குறைந்தது 20 மீட்டர் தள்ளி, சாலையை விட்டு விலகாமல் என்பவை விதிகள். படத்துக்காகச் சாலையை விட்டு இறங்கும்படி ஓட்டுநருக்குக் கூடுதல் பணம் நீட்டுபவர்கள், அவருடைய உரிமத்துக்கே கேடு வைக்கிறார்கள்.

உயர்ந்த கட்டடங்களைப் பின்னணியாகக் கொண்ட ஒட்டகச்சிவிங்கிப் படம் வேண்டுமென்றால், விலங்குக்குத் தெற்கே நின்று வடக்கு நோக்கி, நெடுந்தொலைவு வில்லையால் எடுக்க வேண்டும். தொலைவிலிருந்து எடுத்தால்தான் கட்டடங்கள் பெரிதாகத் தெரியும். ஒன்பது மணிக்குமேல் கானல் எழுந்து கட்டடங்கள் கலங்கிவிடும். 2019இல் திறக்கப்பட்ட, நைரோபியிலிருந்து நைவாஷா நோக்கிச் செல்லும் இரயில் பாதை, ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத் தூண்பாலமாகப் பூங்காவைக் கடந்து செல்கிறது. பலர் அதைப் படச்சட்டத்திலிருந்து விலக்கப் பாடுபடுகிறார்கள். இந்தப் பூங்காவின் இன்றைய நிலையைச் சொல்வதற்கு, பாலத்தின் கீழ் மேயும் வரிக்குதிரையைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது என்பேன்.

மற்ற இடங்கள்

பூங்காவின் விளிம்பில் அமைந்துள்ள ஷெல்ட்ரிக் அறக்கட்டளையின் அனாதை யானைக்குட்டிகளைக் காலை 11 முதல் 12 மணி வரை மட்டுமே பார்க்கலாம், முன்பதிவு கட்டாயம். அதற்குத் தனி வாயில் இருக்கிறது. அந்த நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டுமானால், பத்து மணிக்கே பூங்காவை விட்டு வெளியேற வேண்டியிருக்கும்; ஆற்றங்கரைப் பயணம் பறிபோகும். இரண்டு நாட்கள் கையில் இருந்தால் யானைக்குட்டிகளை மறுநாளுக்கு வைத்து, அன்று மாலையில் லாங்காட்டாவிலுள்ள ஒட்டகச்சிவிங்கி மையத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்ல ஏற்பாடு. ஒரே நாள்தான் என்றால், சிறு குழந்தைகளோடு வருபவர்கள் யானைக்குட்டிகளைத் தேர்ந்தெடுக்கலாம்; மற்றவர்கள் ஆற்றைத் தேர்ந்தெடுப்பதே மேல்.

முதன்மை வாயிலை ஒட்டி, 1964இல் தொடங்கப்பட்ட விலங்குக் காப்பகமும், உயர்த்திக் கட்டிய மரப்பாதையில் நடந்தபடி அடைப்பிலுள்ள விலங்குகளைப் பார்க்கும் நைரோபி சஃபாரி வாக்கும் இருக்கின்றன. இரண்டுக்கும் தனிச் சீட்டு வாங்க வேண்டும். காலை முழுவதும் தேடியும் சிறுத்தை கிடைக்காத குழந்தைகளுக்கு சஃபாரி வாக் ஓர் ஆறுதல். புல்வெளியை நன்றாகப் பார்த்துவிட்ட பெரியவர்கள் இரண்டையும் தவிர்க்கலாம். பிற்பகலில் உள்ளே சென்றவர்கள் இருட்டுவதற்குமுன் வெளியேறிவிட வேண்டும். மாலை ஐந்து மணிக்குப் பிறகு லாங்காட்டா சாலையில் நெரிசல் கடுமையாக இருக்கும் என்பதால், இரவு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் நான்கு மணிக்கே கிளம்பிவிடுவது நல்லது.