வீட்டிலிருந்து வேலை: மீட்டிங்கில் குரல் உடைவதை ரவுட்டரில் சரிசெய்வது எப்படி?

வீட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் மீட்டிங்கில் இருக்கிறார்கள். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ஆனாலும் எதிர்முனையில் "உங்க குரல் கட் ஆகுது" என்கிறார்கள். உடனே பெரிய பிளானுக்கு மாறத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். கோளாறு பெரும்பாலும் அப்லோட் பக்கத்தில் தேங்கி நிற்கும் வரிசையில் இருக்கும். அதைக் கலைக்க ரவுட்டர் அமைப்பே போதும்.

2020 மார்ச்சில் ஊரெல்லாம் வீட்டுக்குள் முடங்கியபோது இணையமே படுத்துவிடுமோ என்று பயந்தார்கள். ஐரோப்பிய ஆணையர் தியரி பிரெட்டான் கேட்டுக்கொண்டதால் நெட்ஃபிளிக்ஸ் ஐரோப்பாவில் பிட்ரேட்டைக் குறைத்தது. ஃபிராங்க்ஃபர்ட்டின் டிஇ-சிக்ஸ் பரிமாற்ற மையத்தில் அந்த மாதம் போக்குவரத்து நொடிக்கு 9.1 டெராபிட்டைத் தாண்டியது. முதுகெலும்பு தாங்கிவிட்டது. திணறியவை இரண்டு ஓரங்கள்: வீட்டுக் கணினியை அலுவலக வலையோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் பெட்டியும் வீட்டு இணைப்பின் அப்லோடும். வட அமெரிக்கக் கேபிள் இணைப்புகளில் அப்லோடுக்கு வழக்கமாக ஒதுக்கியிருந்தது 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சின்னத் துண்டு. அதற்கு மேலே இருந்தது அத்தனையும் டவுன்லோடுக்கு. உட்கார்ந்து பார்ப்பவர்களுக்காகக் கட்டிய வலையில் எல்லோரும் ஒரே நாளில் பேச ஆரம்பித்தார்கள்.

1. முதலில் அளந்து பாருங்கள்

லேப்டாப்பைக் கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள். வைஃபையில் அளந்தால் எது எதனால் என்று பிரிக்க முடியாது. 1.1.1.1 என்ற முகவரிக்குப் பிங் (ஒரு சின்னத் தரவுத் துண்டு, அதாவது பாக்கெட், போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் என்று காட்டும் கட்டளை) ஓடவிட்டு, அந்த ஜன்னலைத் திறந்தே வையுங்கள். இப்போது கிளவுட் டிரைவுக்கு 500 எம்பி கோப்பு ஒன்றை ஏற்றுங்கள். சும்மா இருந்தபோது 14, 15, 14 என்று வந்த எண், ஏற்ற ஆரம்பித்ததும் 90, 340, 780 என்று ஏறிக்கொண்டே போனால் நோய் உறுதி. இதற்குப் பெயர் பஃபர்ப்ளோட். கட்டளை தட்ட விருப்பமில்லாதவர்கள் ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் சோதனை முடிந்ததும் கூடுதல் விவரம் காட்டும் பட்டனை அழுத்தலாம். லோடட், அன்லோடட் என்று இரண்டு தாமதங்கள் வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்கு வேண்டிய எண். வேகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் இப்படி ஆகிறது? மோடத்துக்குள் 1 எம்பி பஃபர் (அனுப்பக் காத்திருக்கும் தரவு தேங்கும் இடம்) இருக்கிறது, அப்லோட் 5 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். அந்த பஃபர் நிரம்பியபின் வரும் குரல் பாக்கெட், முன்னால் நிற்கும் 8 மெகாபிட்டும் கரையும் வரை காத்திருக்க வேண்டும். அது 1.6 நொடி. தொலைபேசிப் பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருக்கவேண்டும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை. பாக்கெட் தொலையவே இல்லை, பத்து மடங்கு தாமதமாக வருகிறது. தாமதமாக வந்த குரல் துண்டை மீட்டிங் செயலி வீசிவிடும், அவ்வளவுதான்.

அப்லோட் நிரம்பினால் டவுன்லோடும் சேர்ந்து படுக்கும். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்க, "வந்து சேர்ந்தது" என்று பதில் சொல்லும் ஏசிகே பாக்கெட்டுகளுக்கே ஏறக்குறைய 2 எம்பிபிஎஸ் அப்லோட் தேவை. அந்தப் பதில்களும் அதே வரிசையில்தான் மாட்டிக்கொண்டு நிற்கின்றன.

2. ரவுட்டரைத் தொடாமல் முடிவது

ஒன்ட்ரைவ், கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் மூன்றின் கணினிச் செயலிகளிலும் அப்லோட் வேக வரம்பு உண்டு. மொத்த அப்லோடில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். விண்டோஸில் டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற அமைப்பைத் திறந்து பாருங்கள். மற்றக் கணினிகளிலிருந்து டவுன்லோட் செய்ய அனுமதி இருந்தால், உங்கள் இணைப்பிலிருந்து அடுத்தவருக்கு அப்டேட் போய்க்கொண்டிருக்கலாம். அணைத்துவிடுங்கள். இத்தோடு பிரச்சினை தீர்ந்தால் கீழே படிக்கவே வேண்டாம்.

3. வரிசையை நம் கைக்குக் கொண்டுவருவது

என் தேர்வு ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருள், அதில் வரிசையை நிர்வகிக்கும் கேக். மைக்ரோடிக் ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு அதன் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 7 முதல் கேக் உள்ளேயே இருக்கிறது. ஓபிஎன்சென்ஸ் ஃபயர்வால் என்றால் கேக் போலவே வரிசையை நிர்வகிக்கும் எஃப்க்யூ-கோடல் போதும், நன்றாகவே வேலை செய்யும். பெட்டியில் "கேமிங் க்யூஓஎஸ்" என்று பெரிதாக அச்சிட்டதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். பல ரவுட்டர்களில் அது யாருக்கு முன்னுரிமை என்று பட்டியல் போடுவதோடு நின்றுவிடும். வரிசை மோடத்தில் இருக்கும்வரை, ரவுட்டரில் போட்ட முன்னுரிமையால் ஒரு பயனும் இல்லை.

நாம் செய்யப்போவது எளிய தந்திரம். உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக ரவுட்டரிலேயே வரம்பு வைக்கிறோம். மோடம் எப்போதும் நிரம்பாது. வரிசை ரவுட்டருக்குள் சேரும். அங்கே கேக் ஒவ்வொரு உரையாடலையும் தனித்தனி வரிசையாகப் பிரித்து, முறைவைத்து அனுப்பும்.

ஓப்பன்டபிள்யூஆர்டியின் பேக்கேஜ் பட்டியலில் எஸ்க்யூஎம் (இந்த வரிசை நிர்வாகத்துக்கு அங்கே உள்ள பெயர்) என்று தேடி, லூசி என்று தொடங்கும் பேக்கேஜை நிறுவுங்கள். தேவையான மற்றவை கூடவே வரும். நெட்வொர்க் மெனுவில் எஸ்க்யூஎம் பக்கம் முளைக்கும். டவுன்லோட், அப்லோட் கட்டங்களில் அளந்த வேகத்தின் 85 சதவீதத்தைப் போடுங்கள். க்யூ டிசிப்ளினில் கேக், ஸ்கிரிப்டில் பீஸ் ஆஃப் கேக். லிங்க் லேயர் பக்கத்தில் ஈதர்நெட் என்று தேர்ந்து, ஓவர்ஹெட் (ஒவ்வொரு பாக்கெட்டோடும் சேரும் கூடுதல் பைட்) எவ்வளவு என்று தெரியாவிட்டால் 44 கொடுங்கள். கூடுதலாகக் கொடுத்தால் துளி வேகம் போகும். குறைவாகக் கொடுத்தால் வரிசை மறுபடி மோடத்துக்கே போய்விடும்.

இனி வழுக்கும் இடங்கள். கட்டத்தில் கேட்பது கிலோபிட். 20 எம்பிபிஎஸ் என்றால் 85 சதவீதம் 17000. கிலோபைட் என்று நினைத்து 2125 போட்டால் இணைப்பு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். 17 என்று மட்டும் போட்டால் பக்கமே திறக்காது, ரவுட்டர் செத்துவிட்டதென்று ரீசெட் பட்டனைத் தேடுவீர்கள். 0 போட்டால் அந்தத் திசையில் வரம்பே இல்லை என்று அர்த்தம். பிழைச் செய்தி எதுவும் வராது.

அடுத்தது இன்டர்ஃபேஸ். யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பில், பெயரில் பிபிபிஓஇ என்று வரும் வான் (இணையப் பக்கத்து) இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். லான் (வீட்டுப் பக்கத்து) இன்டர்ஃபேஸைத் தேர்ந்தால் டவுன்லோடும் அப்லோடும் இடம் மாறிவிடும். 100 வரவேண்டிய இடத்தில் 17 வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எல்லாம் சரியாகப் போட்டும் பிங் துளியும் குறையவில்லையா? ஃபயர்வால் பக்கத்துக்குப் போய் ஹார்ட்வேர் ஃப்ளோ ஆஃப்லோடிங் டிக் எடுக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். டிக் இருந்தால் பாக்கெட்டுகள் கேக்கின் பக்கமே வராமல் சிப் வழியாகத் தாவிப் போய்விடும். எஸ்க்யூஎம் பக்கம் "இயங்குகிறது" என்றே காட்டும். அதனால்தான் இந்த இடத்தில் நாள் கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

4. வரம்பைச் சீராக்குதல்

முதல் படியின் பிங் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஏற்றம் நடக்கும்போதும் தாமதம் 20, 30 மில்லிசெகண்டுக்கு மேல் கூடக்கூடாது. சரியாக இருந்தால் அப்லோடை மட்டும் 5 சதவீதம் கூட்டி மறுபடி பாருங்கள். பிங் எகிறும் புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள். சோதனையை இரவு பதினொரு மணிக்குச் செய்யாதீர்கள்; எல்லோரும் மீட்டிங்கில் இருக்கும் வேலைநேரத்தில் செய்யுங்கள். ஜிபான் என்ற பகிர்வு ஃபைபர் இணைப்பில் 2.5 ஜிபிபிஎஸ் டவுன்லோடையும் 1.25 அப்லோடையும் 32 வீடுகளோ 64 வீடுகளோ பங்குபோடுகின்றன. நள்ளிரவு எண் உங்களை ஏமாற்றும்.

வேகம் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைந்தால் ரவுட்டரின் சிபியு மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். ரவுட்டரில் டாப் கட்டளை போட்டு, பாக்கெட்டுகளைக் கையாளச் செலவாகும் சிபியு நேரத்தைக் காட்டும் சாஃப்ட்ஐஆர்க்யூ சதவீதத்தைப் பாருங்கள். அது 90ஐ நெருங்கினால் வரம்பை இறக்குங்கள், அல்லது கேக்குக்குப் பதில் எஃப்க்யூ-கோடல் போடுங்கள். அது சற்று லேசானது.

5. விபிஎன் போட்டால் மட்டும் தடுமாறினால்

எல்லாப் போக்குவரத்தும் விபிஎன் வழியே போகும் ஃபுல் டனல் என்றால் மீட்டிங் வீடியோவும் அலுவலகம் போய்ச் சுற்றித்தான் வெளியே வரும். அலுவலக இணைப்பில் ஒரே வீடியோ உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை என்று இரண்டு தடவை இடம் பிடிக்கிறது. ஐடி பிரிவிடம், மீட்டிங் செயலி மட்டும் விபிஎன்னுக்கு வெளியே நேராகப் போகும்படி ஸ்ப்ளிட் டனல் கேளுங்கள். இதை வீட்டிலிருந்து சரிசெய்ய முடியாது.

மெயில் வருகிறது, சாட் போகிறது, பெரிய கோப்பு மட்டும் பாதியில் உறைகிறது என்றால் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) கோளாறு. விபிஎன்னை அணைத்துவிட்டு, துண்டாக்காதே என்ற கொடியோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்பு 28 பைட் சேர்ந்து 1500. போகவில்லை என்றால் 1464 முயலுங்கள். அது போனால் இணைப்பின் எம்டியூ 1492, அதாவது பிபிபிஓஇ. வயர்கார்டு என்ற விபிஎன் வழக்கமாக 1420 வைத்துக்கொள்கிறது. நடுவில் இன்னொரு டனல் இருந்தால் அதுவும் பெரிது. 1380, 1340 என்று இறக்கிப் பாருங்கள்.

பிறகு சேர்த்தது: 4ஜி, 5ஜி ரவுட்டரில் இது நிலைக்கவில்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். நிலைக்காதுதான். அங்கே வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். நிலையான வரம்பு ஒன்று ஒரு நேரத்தில் அதிகமாகவும் இன்னொரு நேரத்தில் குறைவாகவும் போய்விடும். கேக்-ஆட்டோரேட் என்ற ஸ்கிரிப்டைப் போடுங்கள். அது தொடர்ந்து பிங் பார்த்து வரம்பைத் தானே ஏற்றி இறக்கும். அதில் குறைந்தபட்ச வேகம் என்ற கட்டத்தில், நெரிசல் நேரத்திலும் உங்களுக்கு நிச்சயம் கிடைக்கும் எண்ணைக் கொடுங்கள். அதற்கு மேல் கொடுத்தால், சிக்னல் விழும் நேரத்தில் ஸ்கிரிப்ட் இறங்க வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும்.